புது வேலைக்குப் போகும்போது பழைய பி.எஃப் பணத்தை எடுத்துவிடலாமா?

கருங்கல்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. ஊர் கருங்கல் பக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டரை வருடமாக லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். சம்பளம் 16,500. பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடித்தது போகக் கைக்கு 15 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் சேரப்போகிறேன். அங்கே 19 ஆயிரம், பி.எஃப்பும் உண்டு. குழித்துறையில் ரயில் ஏறிப் போய் வருவதாகத் திட்டம்.

என் பி.எஃப் கணக்கில் இப்போது 62 ஆயிரம் இருக்கிறது. கூட வேலை பார்க்கும் அக்காமார் எல்லோரும், "வேலையை விட்டதும் எடுத்துவிடு, அப்புறம் உன்னால் அலைய முடியாது" என்கிறார்கள். இரண்டு பேர் அப்படி எடுத்து ஸ்கூட்டி வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஸ்கூட்டி வேண்டாம். என் படிப்பின் கடைசி வருட ஃபீஸுக்காக அம்மையின் இரண்டு பவுன் சங்கிலியை 60 ஆயிரத்துக்கு அடகு வைத்தோம். சந்தையில் ஒரு பைனான்ஸில் இருக்கிறது, நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாதம் 900 ரூபாய் வட்டிக்கே போகிறது. அம்மை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. பி.எஃப்பை எடுத்தால் ஒரே நாளில் மீட்டுவிடலாம்.

ஆனால் அம்மைக்கு 53 வயது. அண்டி ஆபீஸில்தான், அதாவது முந்திரி ஆலையில்தான், வேலை. அப்பா ரப்பர் வெட்டு (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை), தம்பிக்கு 20 வயது, அவனும் அப்பாவோடு வெட்டுக்குத்தான் போகிறான். வேலை செய்ய முடியாத வயதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இருக்காது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. நானாவது இப்போதே தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

தோவாளை மணி

எடுத்து நகையை மீட்டுவிடுங்கள் தங்கச்சி. தங்கம் விற்கும் விலைக்கு, போன நகையைத் திரும்ப வாங்க முடியாது. 58 வயதில் வரும் பணத்தை நினைத்து இன்று மாதம் 900 வட்டி கட்டுவது சரியில்லை. கடன் இல்லாமல் இருப்பதே பெரிய சேமிப்பு என்பது என் அனுபவம்.

குலசேகரத்துக்காரன்

மக்களே, அண்டி ஆபீஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மையும் அண்டி ஆபீஸில் இருந்தவர்தான்.

எனக்கு 56 வயது. 1994இல் சவுதிக்குப் போனேன், தம்மாமில் ஏசி மெக்கானிக். 22 வருடம். ஊரில் எங்களை மாதிரி ஆட்கள் லீவுக்கு வந்து இறங்கினால் பெட்டியைத் தூக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அந்தப் பணத்தில் இரண்டு தங்கைகளுக்கு ஸ்ரீதனம் கொடுத்தேன், வீடு கட்டினேன், அப்புறம் மேல்மாடி எடுத்தேன். மேல்மாடியில் இன்று யாரும் இல்லை, ரப்பர் ஷீட் காயப்போடுகிறோம். மகள் கல்யாணமும் அந்தப் பணம்தான். எதையும் வீணாகச் செலவழித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 22 வருடத்தில் ஒரு ரூபாய்கூட "இது எனக்கு வயசான காலத்துக்கு" என்று தனியாக எடுத்து வைக்கவில்லை. கம்பெனி கடைசியில் தந்த சர்வீஸ் பணத்தை ஊரில் ஒருவர் நடத்திய சீட்டில் போட்டேன். எட்டு மாதம் ஒழுங்காக நடந்தது. ஒன்பதாம் மாதம் போனபோது கதவு பூட்டிக் கிடந்தது.

அம்மை 1997இல் அண்டி ஆபீஸில் சேர்ந்தார். காலையில் பஸ் வருமுன் கஞ்சி குடித்துவிட்டுப் போவார். முதலில் உடைப்பு, அப்புறம் தோல் எடுப்பு. நான் கல்ஃபிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்ததால், "இனி போகாண்டாம், நம்ம வீட்டுக்குக் குறைச்சல்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை.

2005இல் அந்த ஆலையை ஒரு சீசன் பூட்டினார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் கணக்கை முடித்துப் பணம் வாங்கினார்கள், பென்சன் பகுதியையும் சேர்த்து. எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தியும் வாங்கினார், வீட்டுக்கு ஓடு மாற்றினார். அம்மையும் வாங்கத்தான் இருந்தார். யூனியன்காரர் ஒருவர் மட்டும், "சேச்சி, பென்சன் ஃபாரத்துல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க, கொல்லம் கிடக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சில் கொல்லம் என்றால் வருஷம். சர்வீஸ் வருஷம் அப்படியே கிடக்கட்டும் என்று அர்த்தம். அம்மை போடவில்லை. மறுவருஷம் ஆலை திறந்ததும் இருவரும் பழையபடி சேர்ந்து வேலைக்குப் போனார்கள்.

58 வயதில் அம்மைக்குப் பென்சன் வந்தது, 1,290 ரூபாய். சித்திக்கு வரவில்லை. பென்சனுக்குப் பத்து வருடச் சர்வீஸ் வேண்டும். அவர் மொத்தம் 16 வருடம் உடைத்தவர். ஆனால் முதல் எட்டு வருடத்தைப் பணமாக வாங்கிவிட்டதால், கணக்கில் பின்னால் உள்ள எட்டு வருடம் மட்டும்தான் இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வேலை செய்த இரண்டு பேர்.

1,290 பெரிய பணமா என்று கேட்பாய். 2020 ஊரடங்கில் நான் ஏசி சர்வீஸுக்குப் போக முடியவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. மகள் வீட்டிலும் கஷ்டம். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்குத் தேதி தவறாமல் வந்த காசு அந்தப் பென்சன் மட்டும்தான். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அம்மை எண்ணிக் கொடுப்பார். 22 வருடம் சம்பாதித்தவன் கை நீட்டி வாங்கினேன். அந்த மேல்மாடியில் நின்றுதான் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும் அல்லவா. இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரலை வைக்கிறார், மெஷின் எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் தடவித் துடைத்தும் பார்த்தார்கள். அண்டித் தோட்டின் எண்ணெய் 18 வருடம் தின்ற விரல்கள், ரேகை தேய்ந்து கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கின்றன. அம்மை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கலாம். திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, ஐந்து நிமிடத்தில் முடிக்கிறேன். உன் அம்மைக்கும் நாளைக்கு இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்.

சங்கிலியை மீட்பதற்கு வேறு வழி பார் மக்களே. கணக்கை மட்டும் முடிக்காதே. உனக்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஏழரைதான்.

தக்கலை கணக்கு

நான் தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். அறுபது பேருக்கு மாதாமாதம் பி.எஃப் கட்டுவது என் வேலை. குலசேகரம் அண்ணன் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அதன்கூடக் கணக்கையும் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் அடிப்படைச் சம்பளம் 12 ஆயிரம் என்று நினைக்கிறேன், இருப்பை வைத்துப் பார்த்தால் சரியாக வருகிறது. உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,440. அதே 12 சதவீதத்தை நிர்வாகமும் போட வேண்டும். ஆனால் நிர்வாகத்தின் பங்கு முழுதும் உங்கள் பி.எஃப் இருப்பில் சேராது. அதில் 8.33 சதவீதம், உங்களுக்கு 1,000 ரூபாய், பென்சன் திட்டத்துக்குப் போய்விடும். மிச்சம் 440தான் பி.எஃப்பில் சேரும். இந்த 1,000 பாஸ்புக்கில் தனிப் பத்தியில் இருக்கும், அதற்கு வட்டி ஏறாது. பலபேர் அதைப் பார்த்து "என் பணம் சும்மா கிடக்கிறது" என்று எடுத்துவிடுகிறார்கள். அது சும்மா கிடக்கவில்லை, வருடமாக மாறிக்கொண்டிருக்கிறது. 58 வயதில், கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தை (உச்ச வரம்பு 15 ஆயிரம்) சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாதப் பென்சன். 30 வருடம் இருந்தால் 15 ஆயிரம் கணக்குக்கு 6,400 ரூபாய்க்கு மேல் வரும்.

புது இடத்தில் பி.எஃப் பிடிக்கும்போது, பழைய கணக்கை "வேலை இல்லை" என்று எழுதிக்கொடுத்து முடிப்பது சரியான வழியே அல்ல. தவிர, ஐந்து வருடம் ஆகுமுன் 50 ஆயிரத்துக்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அதற்கான படிவம் கொடுத்துத் தவிர்க்கலாம். ஆனால் கடைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு அது தெரிவதில்லை, பணம் வந்த பிறகுதான் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

அலைச்சல் என்று அக்காமார் சொல்வது பழைய கதை. யு.ஏ.என். என்பது பி.எஃப்பில் ஆளுக்கு ஒன்றாகத் தரும் எண், எத்தனை வேலை மாறினாலும் அது ஒன்றுதான், அதையே புது லேபில் கொடுங்கள். இன்னொரு எண் வாங்கிவிடாதீர்கள், அதுதான் பின்னால் அலைய வைக்கும். ஆதார் இணைந்திருந்தால் பழைய இருப்பை ஆன்லைனிலேயே மாற்றலாம். மருத்துவமனையை விட்டு வருமுன் மூன்று விஷயம் பாருங்கள். விலகிய தேதியை அவர்கள் பதிவு செய்ய வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப்பில் உள்ள பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். நம்ம மாவட்டத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒன்று. எங்கள் கடையில் வரும் சிக்கலில் பாதிக்கு மேல் இதுதான். அப்புறம் நாமினி. அம்மையின் பெயரைப் போட்டாயிற்றா? வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் பி.எஃப்போடு சேர்ந்த காப்பீடு ஒன்று உண்டு, 7 லட்சம் வரை. நாமினி போடாத வீட்டில் அதை வாங்கப் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது சங்கிலி. தோவாளை அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். பி.எஃப்பில் கடைசியாக அறிவித்த வட்டி 8.25. 18 கொடுத்துக்கொண்டு 8.25 வாங்குவது நஷ்டம்தான். ஆனால் அதற்கு மருந்து பி.எஃப்பை உடைப்பது அல்ல, நகையை இடம் மாற்றுவது. வங்கியிலோ கூட்டுறவு சொசைட்டியிலோ நகைக்கடன் ஏறக்குறைய இதில் பாதி வட்டிக்குக் கிடைக்கும். இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனுக்கு 60 ஆயிரம் தாராளமாகத் தருவார்கள். யாரிடமாவது ஒரு நாள் கைமாற்று வாங்கிப் பைனான்ஸில் மீட்டு, அன்றைக்கே வங்கியில் வையுங்கள். வட்டி 900 என்பது 450 பக்கம் வரும். புது வேலையில் கூடுதலாக வருவதில் மாதம் 2,000 அசலில் கட்டினால் இரண்டரை வருடத்தில் சங்கிலி கழுத்தில் இருக்கும்.

அந்த 62 ஆயிரத்தைத் தொடாமல் விட்டால், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 34 வருடத்தில் எட்டரை லட்சம். தனியாக மாதம் 2,000 போடுவதையும் பாருங்கள், அதே 8 சதவீதத்துக்கு. 25 வயதில் தொடங்கி 60 வரை போட்டால் 46 லட்சம் பக்கம் வரும். 35 வயதில் தொடங்கினால் 19 லட்சம். நடுவில் உள்ள பத்து வருடத்தில் நீங்கள் போட்டது வெறும் 2,40,000.

ஆனால் இந்த 46 லட்சத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 35 வருடம் கழித்து அந்த 46 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 6 லட்சம்தான். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அதனால் போடும் தொகையைச் சம்பளம் ஏற ஏற ஏற்ற வேண்டும். வருடம் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் அதே கணக்கு 1 கோடியே 70 லட்சம் வரை போகும். அதில் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் ஒரு தொகையாக, போடலாம். ஏறும், இறங்கும், ஆனால் உங்களுக்கு வயது இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று நாலு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சங்கிலி திரும்பப் பைனான்ஸுக்குப் போய்விடும்.

கருங்கல்காரி

குலசேகரம் மாமா எழுதியதை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். விரல் பகுதி வந்ததும் அம்மை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அவருடைய பி.எஃப் சீட்டுகள், ஆலைக்காரர்கள் கொடுத்த அட்டை, எல்லாம் அதில் இருக்கிறது. இத்தனை நாள் எனக்குக் காட்டியதே இல்லை.

கணக்கு அக்கா, அடிப்படைச் சம்பளம் 12 ஆயிரம்தான். நாமினி போடவில்லை, நேற்றே போட்டுவிட்டேன். தம்பிக்கு என்ன செய்வது? அவனுக்கு பி.எஃப் கிடையாது. மழை வந்தால் வெட்டே கிடையாது, மாதாமாதம் கட்டு என்றால் அவனால் முடியாது.

பேச்சிப்பாறை வெட்டு

நானும் ரப்பர் வெட்டுத்தான், 31 வயது. அதிகாலை மூணு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஏழு மணிக்குள் சிரட்டை நிறையும். ஜூனில் ஒருவாட்டி, ஐப்பசியில் ஒருவாட்டி மழை கெடுக்கும். மரம் இலை உதிர்க்கும் மாசமும் வெட்டு நிற்கும். தம்பி சொல்வது உண்மை, நம்ம வருமானம் மாசச் சம்பளம் மாதிரி வராது.

பி.எஃப் இல்லாதவர்களும் சேரக்கூடிய அரசின் அடல் பென்சன் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூடக் கட்டலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கட்டலாம். வங்கியில் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். நான் 25 வயதில் சேர்ந்தேன். 60 வயதில் மாதம் 5,000 கிடைக்க எனக்கு மாதம் 376 வருகிறது. தம்பி 20 வயதில் சேர்ந்தால் 248தான். 40 வயதில் சேர்பவருக்கு 1,454. வருமான வரி கட்டுபவர் சேர முடியாது, நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வெட்டு நல்லா நடக்கும் மாசங்களில் அந்தக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவேன், தேதிக்கு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பின் மனைவிக்கு அதே பென்சன், அவளுக்கும் பின் பிள்ளைகளுக்கு எட்டரை லட்சம்.

40 வருடம் கழித்து 5,000க்கு என்ன கிடைக்கும் என்று கணக்கு அக்கா கேட்பார். கேட்க வேண்டியதுதான். அதனால் போஸ்ட் ஆபீஸில் பி.பி.எஃப்பும் (யார் வேண்டுமானாலும் தொடங்கும் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், ஒன்றரை லட்சம் வரை போடலாம். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டும் பால்) விற்ற காசு வந்தால் அதில் போடுவேன். மாசச் செலவுக் காசோடு கலக்காமல் தனியாகக் கைக்கு வருவது அது ஒன்றுதான். 15 வருடம் எடுக்க முடியாமல் கிடக்கும், நடுவில் கொஞ்சம் எடுக்கலாம். வட்டி இப்போது 7.1. ஐந்தாம் தேதிக்குள் போட்டால் அந்த மாச வட்டியும் சேரும், இதைப் போஸ்ட்மாஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார்.

கருங்கல்காரி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். புது லேபில் சேர்ந்துவிட்டேன், பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்தேன். மாற்றல் விண்ணப்பமும் போட்டாயிற்று. சித்தப்பா ஒரு நாளைக்குப் பணம் தந்தார், சங்கிலியை வங்கிக்கு மாற்றிவிட்டோம். தம்பி அடல் பென்சனில் சேர்ந்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அம்மையின் கவரை வைத்துப் பார்த்தால் இரண்டு ஆலையில் இரண்டு கணக்கு இருக்கிறது. முதல் ஆலையில் ஆறு வருடம், இதில் ஏழு. முதல் கணக்கு முடிக்கப்படவில்லை என்றுதான் தெரிகிறது. ஆனால் முதல் அட்டையில் பிறந்த வருடம் ஆதாரைவிட இரண்டு வருடம் முன்னால் இருக்கிறது. கணக்கு அக்கா, இதை முதலில் திருத்த வேண்டுமா, அல்லது இரண்டையும் சேர்த்த பிறகு திருத்தலாமா?

தக்கலை கணக்கு

முதலில் தேதி. அது சரியில்லாமல் மாற்றல் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மையின் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் எடுத்து வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 13 வருடம், பத்தைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான். அந்தக் கவரையும் அம்மையின் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அம்மையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.